கேள்வி – பதில்: “சொல்லிவிட்டார்கள்” என்பது ஆணை ஆகாது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படிக்கையில் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. வங்கியில் அட்டை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பணிமனையில் ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். “எழுதிக் கொடுத்தார்கள்” என்று ஒரு கடிதத்திலும் இல்லை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எழுதினால் எந்த விதியின்படி மறுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், கீழே கையொப்பமிட வேண்டும். அதனால்தான் வாயோடு முடித்துக்கொள்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகப் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். விபத்தில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்துவிட்டது. “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள், பணப்பலன் சீக்கிரம் வந்துவிடும்” என்று பணிமனையில் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
— இல்லத்தரசி, விருதுநகர் மாவட்டம்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும்வரை எந்தத் தாளிலும் அவர் கையொப்பமிட வேண்டாம்.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்பதன் 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, பணியில் இருக்கும்போது உடற்குறைபாடு நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது என்கிறது. பார்த்துவந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால், அதே ஊதிய விகிதத்திலும் அதே பணிப் பயன்களோடும் வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் காலியாக இல்லை என்றால், பொருத்தமான இடம் வரும்வரையிலோ ஓய்வு பெறும் வயதுவரையிலோ, எது முன்னதோ அதுவரை, அவருக்கென்றே கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். “இடமில்லை” என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி எழுதப்பட்ட பிரிவு இது. அரசு நிறுவனம் என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கத்தில் அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளும் அடங்கும். எனவே போக்குவரத்துக் கழகம் இதற்கு வெளியே இல்லை.

இது புதிதாக வந்த சலுகையும் அன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவிலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. துணைக் காவல் படை ஒன்றில் காவலராக இருந்து இடது காலை இழந்த குணால் சிங் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2003இல் அந்தப் பிரிவை விளக்கித் தீர்ப்பளித்தது. அவருக்குத்தான் இயலாமை ஓய்வூதியம் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஓய்வூதியம் கொடுத்துவிட்டதாலேயே வேலையில் தொடரும் உரிமை போய்விடாது என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

உங்கள் கணவரிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் கேட்பதன் பொருள் இப்போது விளங்கும். நிறுவனம் அவரை அனுப்பினால் அது சட்டத்தை மீறியதாகும். அவரே போனால் ஆகாது. பணப்பலன் சீக்கிரம் வரும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு விலை மீதமுள்ள ஆண்டுகளின் சம்பளம்.

“பணியின்போது எனக்கு உடற்குறைபாடு நேர்ந்துள்ளது; 20(4) பிரிவின்படி அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி வழங்க வேண்டுகிறேன்” என்று மேலாண்மை இயக்குநருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். மருத்துவச் சான்றின் நகலை இணைத்துப் பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஒருசில வகைப் பணிகளுக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது அறிவிக்கை மூலமாகத்தான் நடக்க வேண்டும். “எங்களுக்கு விலக்கு உண்டு” என்று யாராவது சொன்னால், அந்த அறிவிக்கையின் நகலைக் கேளுங்கள்.

கேள்வி: நான் முழுமையாகப் பார்வையற்றவன், இசை ஆசிரியராக இருக்கிறேன். என் சம்பளக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டையும் காசோலைப் புத்தகமும் தர வங்கிக் கிளையில் மறுக்கிறார்கள். தம்பியைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தால் தருவார்களாம். “உங்கள் பாதுகாப்புக்காகத்தான் சார்” என்கிறார் மேலாளர்.
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஒருவரை அவருடைய பணத்திடமிருந்தே பாதுகாக்கும் இந்தக் கரிசனத்தை இந்திய ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4ஆம் தேதிச் சுற்றறிக்கையிலேயே முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டது. பார்வையற்றோர் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டப்படித் தகுதி உடையவர்கள். எனவே காசோலை வசதி, ஏ.டி.எம்., இணையவழி வங்கிச் சேவை, பெட்டக வசதி, கடன், கிரெடிட் கார்டு என எதையும் பார்வையின்மையைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் காசோலையும் இதில் அடங்கும் என்று அதில் தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் கிளைகளில் முதலில் மறுப்பார்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது போலும்.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தம் செய்யத் தகுதியானவர் யார் என்று கூறும் 11ஆம் பிரிவு, வயது வந்திருக்க வேண்டும், சித்த சுவாதீனம் இருக்க வேண்டும், வேறு சட்டம் எதுவும் தடுத்திருக்கக் கூடாது என்று மூன்றைத்தான் கேட்கிறது. கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவும் சொத்து வைத்திருக்கவும் பண விவகாரங்களைத் தாமே நடத்தவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்கிறது.

கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். மறுத்தாலும், 30 நாள்களில் பதில் வராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தம்பியைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். அது வங்கியின் நிபந்தனையாக இருக்க முடியாது.

செல்பேசியில் கணக்குத் தொடங்கும்போது “கண்ணைச் சிமிட்டுங்கள்” என்று கேட்கும் திரையைப் பற்றி வேறொரு வாசகர் எழுதியிருந்தார். அமிலத் தாக்குதலில் முகமும் கண்களும் சிதைந்தவர்களும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்து, அடையாளச் சரிபார்ப்பு முறைகளை மாற்ற 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. அவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது. போலியோவால் நடக்க இயலாத என்னை, வீட்டுப் பத்திரம் பதிய இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். படி திரும்பும் இடத்தில் ஒருவருக்குக் கை நழுவியது. இதற்கெல்லாம் சட்டத்தில் வழி இருக்கிறதா?
— வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. முதலாவது 1908இலேயே எழுதப்பட்டது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, உடல் நலிவால் ஆபத்தோ பெரும் சிரமமோ இன்றி அலுவலகத்துக்கு வர முடியாதவர் நேரில் வரத் தேவையில்லை. பதிவு அலுவலரே அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும், அல்லது வாக்குமூலம் பெற ஆணையர் ஒருவரை அனுப்ப வேண்டும். நூறாண்டு கடந்த இந்த ஏற்பாட்டை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாற்காலியைத் தூக்க ஆள் தேடினார்கள்.

ஆனால் வீட்டுக்கு அலுவலர் வருவது ஒரு மாற்று ஏற்பாடு மட்டுமே. எல்லோரும் போகும் அலுவலகத்துக்கு நீங்களும் போக முடிய வேண்டும் என்பதுதான் உங்கள் உரிமை. 2016 சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் அந்தக் கெடு முடிந்துவிட்டது. புதிய கட்டடங்களுக்கு 44ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: அணுகல் வசதி இல்லாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியும் கிடையாது, கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றும் கிடையாது.

பிறகு ஏன் எதுவும் நடக்கவில்லை? 2017 விதிகளின் 15ஆம் விதியில் ஓர் ஓட்டை இருந்தது. சட்டம் “செய்தே ஆக வேண்டும்” என்று சொன்ன இடத்தில், விதியானது வழிகாட்டுதல்களைச் சுட்டி, “இப்படிச் செய்தால் நல்லது” என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று கூறி, தவிர்க்க முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்தில் விதியாக வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு வழக்குக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

சாய்தளம் அமைத்துவிட்டோம் என்று சொல்லும் இடங்களிலும் எனக்கு ஐயம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் அழைத்ததன் பேரில் அரசு அலுவலகம் ஒன்றுக்கு அளவு நாடாவோடு போயிருந்தேன். வாசல் மேடையின் உயரம் 19 அங்குலம். சாய்தளத்தின் நீளம் 7 அடி. சாய்வு 12க்கு 1 என்பது அடிப்படை அளவு. எளிதாக நினைவில் கொள்வதென்றால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அங்கே 19 அடி இருந்திருக்க வேண்டும். அந்த ஏழடிச் சரிவில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏற முயன்றால் பின்பக்கமாகக் கவிழ்வது நிச்சயம். கைப்பிடிக் குழாய் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அதில் யாரோ மழைக்கோட்டைக் காயப் போட்டிருந்தார்கள். ஏறி முடிகிற இடத்தில் மடக்குக் கதவு, அதற்குப் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டதற்கு, “இதுவரை யாரும் கேட்டதில்லையே” என்றார்கள். எப்படிக் கேட்பார்கள், ஏற முடிந்தால்தானே?

உங்கள் மனுவில் 38ஆம் பிரிவையும் 45ஆம் பிரிவையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். அலுவலகத்தை இடம் மாற்றும்வரை, உங்களைப் போன்றவர்களின் பத்திரங்களைத் தரைத்தளத்தில் வைத்துப் பதிய ஓர் அறை ஒதுக்குமாறு கேளுங்கள். பெரிய செலவில்லாத கோரிக்கை என்பதால் மறுப்பது கடினம்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் ஆறு வயது மகனுக்குத் தனியார் பள்ளியில் இடம் கேட்டேன். “எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லை, அவனுக்குத்தான் கஷ்டம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டாயப்படுத்திச் சேர்த்தால் பிள்ளையை ஒதுக்கிவைப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
— தாய், கோவை

பதில்: உங்கள் பயத்தைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை மட்டும் பேச எனக்கு மனமில்லை, ஆனாலும் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசின் நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதிகளையும் செய்துதர வேண்டும் என்ற கடமையை 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசின் மீதும் உள்ளாட்சிகளின் மீதும் சுமத்துகிறது. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை 31ஆம் பிரிவின்படி உங்கள் தரப்புக்கே உரியது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கான 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இக்குழந்தைகளையும் சேர்த்தது.

சிறப்பாசிரியர் இல்லை என்று பள்ளி சொன்னது பொய்யாக இருக்காது. பல பள்ளிகளில் இல்லைதான். ஆனால் அது பள்ளியின் குறை. அதற்குப் பிள்ளை ஏன் வீடு திரும்ப வேண்டும்? தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் இட்ட உத்தரவைத் தொடர்ந்து, மத்திய அரசு 2022இல் வரையறுத்திருக்கிறது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். வழக்குப் போட்டு இடம் வாங்கிய பள்ளியில் ஆசிரியர்களின் முகம் எப்படி இருக்கும் என்பது பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதல் மனுவிலேயே சேர்க்கையை மட்டும் கேட்காமல், பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: மணியோசை அதிகம் கேட்காத இடத்தில் இருக்கை, அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்த ஓர் அட்டை, கூட்டு வழிபாட்டின்போது தேவைப்பட்டால் வெளியே நிற்க அனுமதி என உங்கள் மகனுக்குப் பொருந்துவனவற்றை. இவை காசு கேட்பவை அல்ல. இவற்றைப் படித்துவிட்டுப் பள்ளி எப்படிப் பதில் எழுதுகிறது என்பதிலிருந்தே, அங்கே பிள்ளையை விடலாமா என்று நீங்கள் முடிவு செய்துவிடலாம். மறுப்பு வந்தால் அந்தக் கடிதத்தோடு மாவட்டக் கல்வி அலுவலரைப் பாருங்கள். மாவட்டந்தோறும் ஒரு கல்வி அலுவலரை இதற்கான பொறுப்பு அலுவலராக அமர்த்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

கேள்வி: தொடர்ந்து எழுதினால் என் விரல்கள் இறுகிக்கொள்ளும். மருத்துவக் குழு 30 விழுக்காடு என்று சான்று கொடுத்தது. 40க்குக் கீழே இருப்பதால் தேர்வில் சொல்வதை எழுதுபவர் கிடைக்க மாட்டார் என்கிறார்கள். சரியா?
— மத்திய அரசுப் பணித் தேர்வு எழுதும் இளைஞர், திருநெல்வேலி

பதில்: சரியில்லை. உங்களுடையதைப் போன்ற எழுத்துப் பிடிப்பு உள்ள விகாஸ் குமார் என்பவர் குடிமைப் பணித் தேர்வில் இதே பதிலைக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 2021 பிப்ரவரி 11 அன்று வந்த தீர்ப்பு சட்டத்தின் இரண்டு சொல்லாடல்களைப் பிரித்துக் காட்டியது. “மாற்றுத்திறனாளி” என்பதற்கான விளக்கத்தில் விழுக்காடே இல்லை. 40 விழுக்காடு என்பது வேலையிலும் உயர்கல்வியிலும் இடஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கான எல்லை மட்டுமே. தேவைக்கேற்ற வசதியைப் பெறும் உரிமைக்கு அந்த எல்லை கிடையாது.

அதன் பிறகு 40 விழுக்காட்டுக்குக் குறைவானவர்களுக்கென்றே மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. எழுதுவதில் இடர்ப்பாடு இருப்பதாக அரசு மருத்துவமனையின் உரிய அலுவலர் தரும் சான்று இருந்தால், சொல்வதை எழுதுபவரின் உதவியும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். உங்களிடம் இருப்பது விழுக்காட்டுச் சான்று. இங்கே தேவைப்படுவது எழுத இயலாமை பற்றிய சான்று. இரண்டும் வேறு. விண்ணப்பப் படிவத்திலேயே இந்த உதவியைக் கோரிவிடுங்கள். தேர்வு நாளன்று வாசலில் நின்று வாதிட்டு வென்றவர்களை நான் பார்த்ததில்லை. 30 என்ற மதிப்பீடே தவறு என்று கருதினால் 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம்.

கேள்வி: பக்கவாதத்தால் படுத்திருக்கும் என் தந்தை இந்த முறையாவது வாக்களிக்க விரும்புகிறார்.
— மகள், ஈரோடு

பதில்: அவருக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டுச் சான்று இருந்தால், வாக்குச்சாவடி அலுவலர்கள் வீட்டுக்கே வந்து அஞ்சல் வாக்கைப் பெற்றுக்கொள்வார்கள். அதற்கான 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பலர் இந்தக் கெடுவைத்தான் தவறவிடுகிறார்கள். ஒரு முறை வீட்டு வாக்கைத் தேர்ந்தெடுத்தவர் பிறகு சாவடியில் வாக்களிக்க முடியாது. சாவடிக்கே போக விரும்பினால், பார்வையின்மையாலோ உடல் நலிவாலோ தாமே வாக்களிக்க இயலாதவர் 18 வயது நிறைந்த துணைவர் ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லலாம். அந்தத் துணைவர் அன்று வேறொருவருக்குத் துணையாக இருக்கக் கூடாது. கண்ட வாக்கை வெளியே சொல்லவும் கூடாது.

கேள்வி: ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளி, திவ்யாங் – எந்தச் சொல் சரி?
— கல்லூரி மாணவர், சென்னை

பதில்: நான் மாற்றுத்திறனாளி என்றே எழுதுகிறேன், தமிழக அரசும் பத்திரிகைகளும் அந்தச் சொல்லை நிலைநிறுத்திவிட்டன, இழிவுபடுத்தும் தொனி அதில் இல்லை. 2015 இறுதியில் பிரதமர் முன்வைத்த “திவ்யாங்” தெய்வீக உறுப்பு என்று பொருள்படும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை; தெய்வீகமானவருக்குப் பேருந்தில் ஏறப் படி வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். இயக்கங்களில் இருக்கும் நண்பர்கள் சிலர், “திறன் மாறவில்லை, எங்களைத் தடுக்கும் படிக்கட்டுதான் மாற வேண்டும்” என்று மாற்றுத்திறனாளி என்ற சொல்லையும் மறுக்கிறார்கள். அவர்களோடு பேசும்போது அவர்கள் விரும்பும் சொல்லையே பயன்படுத்துகிறேன். 

கேள்வி: பேச்சும் கேட்கும் திறனும் இல்லாத என் தங்கையிடம் தெரிந்தவர் ஒருவர் தவறாக நடந்துகொண்டார். அவள் எங்களுக்குச் சைகையில் தெளிவாகச் சொன்னாள். காவல் நிலையத்தில், “அந்தப் பெண் சொல்வது எங்களுக்குப் புரியவில்லை, வாக்குமூலம் எப்படி வாங்குவது” என்று திருப்பி அனுப்பினார்கள்.
— அக்கா, ஊர் வேண்டாம்

பதில்: புரியாமல் போனது காவலரின் இயலாமை. அதை உங்கள் தங்கையின் மேல் சுமத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இந்த நிலைமையை எண்ணியே எழுதப்பட்டிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2013 முதலே இருந்த ஏற்பாடுதான் இது. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், காவல் அலுவலர் அவருடைய வீட்டுக்கோ அவர் விரும்பும் வசதியான இடத்துக்கோ சென்று, சைகை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். அதை வீடியோவாகவும் எடுக்க வேண்டும். உங்கள் தங்கை நிலையத்துக்கு வந்திருக்கவே தேவையில்லை.

நீதிமன்றத்திலும் பேச இயலாதவர் எழுத்திலோ சைகையிலோ தரும் சாட்சியம் வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். ஆந்திரத்தில் பார்வையற்ற தலித் பெண் ஒருவர் பாதிக்கப்பட்ட வழக்கில், மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தைப் பலவீனமானதென்றோ தாழ்ந்ததென்றோ கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கூறியது. இவை தவிர, மாற்றுத்திறன் பெண்ணின் மானத்துக்குக் கேடு விளைவிக்கும் நோக்கில் தாக்குவதும் பலவந்தம் செய்வதும் 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. புகாரில் இந்தப் பிரிவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

நிலையத்தில் மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். காது கேளாதோர் பள்ளியில் தங்கை படித்திருந்தால், அங்கே அவளுக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரை இன்றே தொடர்பு கொள்ளுங்கள். வீட்டார் மட்டும் விளக்கிச் சொன்னால், “நீங்கள் சொல்லிக் கொடுத்தது” என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். சரிபார்க்க வேண்டியது ஏதும் இருந்தால் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். தபாலில் தனியாகப் பதில் அனுப்புகிறேன்.

கேள்வி: மனு, மனு என்கிறீர்கள். யாரிடம் கொடுப்பது? வக்கீல் வைக்க எங்களிடம் காசில்லை.
— ஒரு காலை இழந்த தையல் தொழிலாளி, திருப்பூர்

பதில்: அரசு அலுவலகம் தொடர்பானது என்றால், அங்கே குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 23ஆம் பிரிவு. அங்கே நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஆட்சியர் வளாகங்கள் பலவற்றில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அங்கேயே இருப்பதால் ஒரே அலைச்சலில் முடியும்.

அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆவணங்களைக் கேட்கவும் சாட்சிகளை அழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. அதைப் பெற்ற துறை மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். பரிந்துரைதானே என்று அலட்சியமாக இருக்கும் துறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் காரணத்தை எழுதவைத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் உங்கள் வேலை பாதி குறையும்.

வழக்கறிஞருக்குக் காசு வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். அடையாள அட்டையின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். எங்கே மனுக் கொடுத்தாலும் இரண்டு படிகள் எடுத்துச் சென்று, உங்கள் படியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். “முத்திரை இல்லை, பெரியவர் வரட்டும்” என்பார்கள். உட்கார நாற்காலி கேட்டு வாங்கிக் காத்திருங்கள்.